தனுஷ்கோடிக்குப் போங்கள், டென்டை அங்கே விரிக்காதீர்கள்

கேட்டவர் கோவைக்காரர். சொந்தக் கார். கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா. புதிதாக டென்ட் வாங்கியிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் கிடைக்கிறது. தனுஷ்கோடிக் கடற்கரையில் டென்ட் அடித்து இரண்டு ராத்திரி தங்கி, விடிந்ததும் ராமர் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். முடியுமா, எப்படிப் போவது, என்னென்ன கொண்டு போக வேண்டும் என்பது கேள்வி.

நான் உச்சிப்புளிப் பக்கத்து ஆள். இந்தக் கேள்வி வருடா வருடம் யாராவது ஒருவரிடமிருந்து எனக்கு வந்துவிடும். முடியாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியில் ராத்திரி தங்க முடியாது. காலை ஆறு மணி வாக்கில்தான் வண்டிகளை உள்ளே விடுவார்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்புவார்கள், உள்ளே இருப்பவர்களையும் கிளம்பச் சொல்வார்கள். நேரம் அன்றன்றைக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும், காவலர் சொல்வதுதான் கணக்கு. "ஓரமாக ஒதுங்கிக்கொண்டால் யாருக்குத் தெரியும்" என்று யோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். அது எல்லைக் கடல். எதிர்க்கரை இலங்கை. கடலோரக் காவல்காரர்கள் ராத்திரியில் அங்கே சும்மா உலாப் போவதில்லை.

தடை பாதுகாப்புக்காக மட்டுமில்லை. நீங்கள் வருகிற ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில்தான் பங்குனி ஆமைகள் அந்த மணலில் ஏறி முட்டையிடுகின்றன. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பொரித்து வருகிற குஞ்சு கடலைத் தேடிப் போவது வெளிச்சத்தை வைத்து. கரையில் உங்கள் பெட்ரோமாக்ஸ் எரிந்தால் அதை நோக்கி வந்துவிடும். அதே மாதங்களில்தான் பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) வந்து இறங்கும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது.

சரி, அடுத்த ஏமாற்றத்தையும் இப்போதே சொல்லிவிட்டால் பிள்ளைகள் அங்கே வந்து முகம் சுருங்காது. ராமர் பாலம் கண்ணுக்குத் தெரியாது. தனுஷ்கோடிச் சாலை முடிகிற அரிச்சல்முனையில் நின்று பார்த்தால் தெரிவது தண்ணீர்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் வெள்ளைக் கோடாக அழகாகத் தெரிகிற அதே இடம், தரையில் நிற்பவனுக்குச் சும்மா கடல். 2024-இல் இஸ்ரோ விஞ்ஞானிகள், நாசா செயற்கைக்கோள் லேசர் வைத்து எடுத்த ஆழக் கணக்குகளைக் கொண்டு அதை முழுதாக வரைந்து வெளியிட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை 29 கிலோமீட்டர் நீளம், கடலடியிலிருந்து சுமார் 8 மீட்டர் உயரம். அதில் ஏறத்தாழ முழுவதும் தண்ணீருக்குள்ளேதான் இருக்கிறது. வெளியே தலை நீட்டுவது அங்கங்கே சில மணல் திட்டுகள். அவையும் ஒரு வருடம் இருந்த மாதிரி அடுத்த வருடம் இருக்காது.

"திட்டுக்குப் படகில் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது தோளில் கை போட்டால் மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் அங்கே போனால் வம்பு உங்களுக்கும், படகுக்காரருக்கும்.

அப்படியானால் எதைப் பார்க்கப் போவது? காற்றைப் பார்க்கப் போங்கள் என்பேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இந்தக் கரையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது காற்றுதான். எங்கள் மீனவர்கள் ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பதை வடகடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் அதையே பெண் கடல், ஆண் கடல் என்று சொல்லி, ஒன்று சாது, மற்றது முரடு என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். அது பாதி வருடத்துக்குத்தான் சரி. கோடையிலிருந்து தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொதிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று திரும்பினால் அப்படியே தலைகீழ். நீங்கள் வருவது தை மாதம். அதனால் அரிச்சல்முனையில் இடது கைப் பக்கம் அலை புரண்டுகொண்டிருக்கும், வலது கைப் பக்கம் அமைதியாக இருக்கும். வழிகாட்டி வேறு மாதிரி சொன்னால் பையனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கு அதில் ஒரு பெருமை.

மணல் திட்டுகளின் கதையும் இதே காற்றுதான். ஆறு மாதம் ஒரு திசையிலும் ஆறு மாதம் எதிர்த்திசையிலும் நீரோட்டம் மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. இரண்டு கடலும் முட்டுகிற ஆழமில்லாத இடத்தில் வேகம் குறைந்து அதைக் கொட்டிவிட்டுப் போகிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மணல். சுமார் இருபதாயிரம் வருடங்களுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. அப்போது இந்தப் பாக் நீரிணை முழுவதும் தரை, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். அம்மா ராமாயணத்தைச் சொல்லட்டும், நீங்கள் இதைச் சொல்லுங்கள். கேட்கிற பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டும் சண்டையில்லாமல்தான் இருந்தன.

இப்போது டென்ட் விஷயம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற சாலையில் உச்சிப்புளியைத் தாண்டினால் இடது கைப் பக்கம் அரியமான் கடற்கரை பிரியும். குஷி பீச் என்றும் சொல்வார்கள். சவுக்குத் தோப்பு, நீளமான மணல், வெகுதூரம் ஆழமில்லாத கடல். அதற்குக் கொஞ்சம் முன்னால் பிரப்பன்வலசை. அங்கே கடல் விளையாட்டு சொல்லித் தருகிற இடங்கள் இருக்கின்றன. இந்தப் பகுதியில் சில விடுதிகள் தங்கள் வளாகத்துக்குள்ளேயே டென்ட் போட இடம் தருவார்கள். முன்கூட்டியே போனில் பேசி, கழிப்பறையும் நல்ல தண்ணீரும் உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்த கடற்கரையில் நீங்களாக இடம் பிடித்துப் போடுவதை, குழந்தைகளும் பெரியவரும் இருக்கும்போது, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்மாவுக்குக் கண்டிப்பாக ஓர் அறை எடுங்கள். முழங்கால் வலிக்காரர் தரையிலிருந்து எழுந்து, குனிந்து, டென்ட் வாசலில் நுழைந்து வெளியே வருவது ஒரு ராத்திரிக்கு நான்கு தடவை நடக்கும். அவர் சொல்ல மாட்டார். காலையில் உங்களுக்கே தெரியும்.

மணலில் டென்ட் அடிப்பது மலையில் அடிப்பது மாதிரி இல்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், மச்சான் குடும்பத்தோடு அரியமானில் அலை தெரிய வேண்டும் என்று தோப்புக்கு வெளியே டென்ட் போட்டோம். கடையில் கொடுத்த இரும்பு முளைகளை அழகாகச் சரித்து அடித்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு வாடை எழும்பியது. வெண்ணெயில் சொருகிய ஊசி மாதிரி ஒவ்வொரு முளையாகக் கழன்றது. மச்சான் உள்ளே கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் வெளியே பறக்கிற துணியைத் துரத்திக்கொண்டிருந்தேன். மீதி ராத்திரியை ஏழு பேரும் காரில் கழித்தோம். கடைசியில் அவருக்குத்தான் சளி பிடித்தது. இன்றைக்கும் அதை என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறார்.

மறுநாள் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் செய்து காட்டியது இது. வெறும் உரச்சாக்கு, அரிசிச்சாக்கு எது கிடைத்தாலும் சரி, ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மணல் நிரப்பி, கழுத்தைக் கட்டி, டென்ட் கயிற்றைச் சாக்கின் நடுவயிற்றில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி அதைப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்துவிடுங்கள். காற்று எவ்வளவு இழுத்தாலும் மேலே இருக்கிற மணலின் எடை முழுவதும் அதைப் பிடித்துக்கொள்ளும். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதனால் டென்டைத் தோப்புக்குத் தெற்கே மறைவாகப் போட்டு, வாசலையும் தெற்கே வையுங்கள். அலை தெரியாது, சத்தம் கேட்கும். அது போதும்.

சவுக்குச் சருகு தீக்குச்சி மாதிரி பற்றும், அதனால் தோப்புக்குள் அடுப்பும் வேண்டாம், கேம்ப் ஃபயரும் வேண்டாம். சமைத்தே ஆக வேண்டும் என்றால் விடுதிக்காரர் காட்டுகிற இடத்தில் சின்னக் காஸ் அடுப்பு. சாப்பாட்டுப் பையை ராத்திரி காருக்குள் பூட்டிவிடுங்கள், நாய்கள் உண்டு. குடிதண்ணீருக்கு ராமநாதபுரத்திலேயே இரண்டு கேன் வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

வழி எளிது. பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. அங்கிருந்து பரமக்குடி வழியாக ராமநாதபுரம். ராமேஸ்வரம் வரை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் வந்துவிடலாம். வெளிச்சம் இருக்கும்போதே டென்ட் போட்டு முடியுங்கள். அன்றைக்கு வேறெங்கும் போக வேண்டாம்.

இரண்டாம் நாள்தான் முக்கியமான நாள். ஐந்து மணிக்கெல்லாம் காரில் இருக்க வேண்டும். அரியமானிலிருந்து அரிச்சல்முனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தை மாதத்தில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் எழும்பும் என்பதால், உள்ளே விடுகிற நேரத்துக்குப் போனாலும் உதயம் கிடைத்துவிடும். கோடையில் வருகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஆறு மணிக்கே விடிந்துவிடும், சோதனைச் சாவடியில் நிற்கும்போதே சூரியன் மேலே வந்துவிடும்.

போகும்போது எங்கும் நிறுத்தாதீர்கள். நேரே முனைக்குப் போய்விட்டு, திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாலை முடிகிற இடத்தில் அசோகத் தூண் ஒன்று நிற்கிறது, அதைச் சுற்றிக் கார் திரும்பலாம். அம்மா மணலில் இறங்க வேண்டியதில்லை. அங்கேயே உட்கார்ந்தாலும் இரண்டு கடலும் தெரியும். கையில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தால் நல்லது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அங்கே யாரும் குளிக்கக் கூடாது. தென்கடல் அமைதியாக இருக்கிறதே என்று காலை நனைக்கப் போவார்கள். இரண்டு பக்க நீரோட்டமும் முனையில் இழுக்கும், மணல் திடீரென்று சரிந்து ஆழமாகும். பிள்ளைகள் குளிக்க வேண்டுமென்றால் மத்தியானம் அரியமான் இருக்கிறது. அங்கேயும் வாடைக் காலத்தில் முழங்கால் ஆழம்வரைதான், நீங்களும் கூடவே இறங்க வேண்டும்.

முனைக்குப் போகிற இந்த 9.5 கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-இல்தான் திறந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கிருந்து வேன்காரர்கள் தண்ணீரிலும் மணலிலும் குலுக்கிக்கொண்டு போவார்கள். இடுப்பு கழன்றுவிடும், ஆனால் எந்த இடத்தில் தரை முடிந்து கடல் தொடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. இப்போது ஏசி போட்டு, பாட்டுப் போட்டு, இருபது நிமிடத்தில் முனைக்குப் போய் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் வர முடிவதே அதனால்தான். நிதானமாகப் போங்கள் என்கிறேன், அவ்வளவுதான். சாலையை விட்டுக் காரை மணலில் மட்டும் இறக்காதீர்கள். புதைந்தால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, மணலைத் தோண்டி, மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதையும்.

திரும்பும் வழியில் இடிந்த தேவாலயம், ரயில் நிலையச் சுவர்கள். அங்கே பையனுக்குக் கொஞ்சம் கதை சொல்லுங்கள். சென்னையில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கே கப்பல் மாறித் தலைமன்னார், அப்புறம் மறுபடி ரயில், கொழும்பு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து அரை நூற்றாண்டு அப்படித்தான் ஜனங்கள் போய் வந்தார்கள். தபால் நிலையம், பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலை அலை அப்படியே எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது அதற்குப் பிறகுதான். என் அப்பத்தா கடைசிவரை வருடக் கணக்குச் சொன்னதில்லை. "புயலுக்கு முந்தி, புயலுக்குப் பிந்தி" என்றுதான் சொல்வார். எந்தப் புயல் என்று யாரும் கேட்க மாட்டோம்.

ஆனால் அதைப் 'பேய் ஊர்' என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். இன்றைக்கும் அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. காலையில் போனால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். இரண்டு வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள், வலை மெதுவாகக் கரையேறும். கேட்டுவிட்டுக் கை கொடுத்தால் சிரித்துக்கொண்டே பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அவர்கள் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று. இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் சில நூறு அடி மணல். அதில் கையால் ஆழமில்லாமல் பறித்த ஊற்றில் நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அதனால்தான் மேலாகத் தோண்டி, கொட்டாங்கச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுக்கிறார்கள். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். என்னைக் கேட்டால் தனுஷ்கோடியில் பார்க்க வேண்டியதில் முதலாவது அந்த ஊற்றுதான், பாலம் அப்புறம்.

வழியோரக் கொட்டகைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். தை மாதம் என்பதால் மீன்பிடித் தடைக்காலம் இல்லை, அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீனைக் காட்டச் சொல்லி, விலை கேட்டுவிட்டு, அப்புறம் பொரிக்கச் சொல்லுங்கள். பொரித்த பிறகு விலை கேட்டால் மீனுக்கும் உங்களுக்கும் ஒரே கதிதான். சிப்பி, சங்கு மாலை வாங்கலாம். பவளக் கல் என்று எதையாவது காட்டினால் வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும். தொலைநோக்கி இருந்தால் கொண்டு வாருங்கள், கிட்டே நடந்து போனால் கூட்டமாக எழும்பிவிடும். ராமேஸ்வரம் கோயிலைப் பற்றி உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். 22 தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுத் துணி கையில் இருக்கட்டும், ஈரக் கல்லில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: தை அமாவாசை பொங்கலை ஒட்டி வருகிற வருடங்கள் உண்டு. காலண்டரைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். அன்றைக்கு ஊரும் முனையும் மனிதத் தலையாக இருக்கும், உங்கள் கார் உள்ளேயே போகாது.

மாலையில் பாம்பன் குந்துகாலுக்குப் போங்கள். 1897 ஜனவரியில் விவேகானந்தர் கப்பலிலிருந்து வந்து இறங்கிய கரை. எதிரே குருசடைத் தீவு தெரியும். சாயங்கால வெளிச்சத்துக்கு அரிச்சல்முனையில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் காரை நிறுத்தாதீர்கள். எல்லாரும் நிறுத்துகிறார்கள், அதனால்தான் நெரிசல். இரண்டு தலைப்பிலும் இறங்கிப் பார்க்க இடம் உண்டு. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் நிற்கும். 1914-இன் பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து கதவு மாதிரி மேலே மடங்கியது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே ஏறும். கப்பல் கடக்கிற நேரம் வாய்த்தால் பையன் அங்கிருந்து கிளம்ப மாட்டான்.

மூன்றாம் நாள் டென்டைச் சுருட்டிவிட்டு, ராமநாதபுரத்திலிருந்து சற்றே விலகிக் கீழக்கரை போய்த் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற இனிப்பு, சில நாள் தாங்கும். வழியெல்லாம் பனங்கிழங்கு விற்பார்கள், அதற்கும் இதுதான் மாதம். ஊர் போய்ச் சேர்ந்ததும் டென்டையும் இரும்புக் கம்புகளையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டு மடியுங்கள். காரை வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அடிப்பாகத்தையும் கழுவச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்து சைலன்சரில் தெரியும்.